மனச்சிதைவா, மருளா, இயைபின்மையா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் தைப்பூசக் காவடியின்போது கோயில் மண்டபத்தில் வழங்கவிருக்கும் மனநலக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்ற அறிகுறிகளைக் காட்டும் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய்க்குரிய தமிழ்ச் சொல்தான் இன்னும் முடிவாகவில்லை. 'மனச்சிதைவு' வழக்கில் உள்ளதை அறிவேன். ஆயினும் சிதைந்தது மீளாது என்றே கேட்பவர் கொள்வர். குணம் கண்டு வேலைக்குத் திரும்புவோர் இருக்கையில் பெயரே தீர்ப்பாகிவிடக் கூடாது. 1908இல் சுவிஸ் மனநல மருத்துவர் ப்ளாய்லர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு இப்பெயரை அமைத்தபோது, எண்ணமும் உணர்ச்சியும் தம்முள் இசைவற்றுப் போவதையே கருதினார். 'உளப்பிளவு' என்றாலோ ஓர் உடலில் இரண்டு ஆள் என்ற சினிமாக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

சொல்லைத் தேடி அலைவானேன்? 'பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருள்' என்று குறள் (351) இலக்கணமே வகுத்துவிட்டது. இல்லாத குரலைக் கேட்பதும் இல்லாத சதியை நம்புவதும் வேறென்ன? தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளுள், வைத்த மருட்கை என்பது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால் பிறக்கும் வியப்பு. அதுவும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே. மருள், மருளல், மருட்சி என இவ்வேரையும், அதனோடு ஒலியொத்த வெருட்சியையும் தொடர்ந்து சென்றால்...

ஃபீனிக்ஸிலிருந்து:

ஐயா, அங்கேயே நில்லுங்கள். சாமியாடியை 'மருளாடி' என்பதும் தமிழ்தான். காவடிக் கூட்டத்தில் 'மருள் ஒரு நோய்' என்று அச்சிட்டுக் கொடுத்தால், அருள் வந்து ஆடுகிறவரை நாமே நோயாளியாக்கிவிடுவோம். நான் செவிலியாக இருந்தவள். பெயர் எவ்வளவு விரைவில் ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கண்டிருக்கிறேன். 1972இல் வெளியான ஒப்பாய்வில், லண்டன் மருத்துவர்களைவிட நியூயார்க் மருத்துவர்கள் மிகப் பரந்த அளவில் ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரைச் சூட்டியது தெரியவந்தது. இருமுனைக் கோளாற்றின் பித்தெழுச்சி (மிகைக் கிளர்ச்சி நிலை), வலிப்பு, போதைப்பொருள், மூளை அழற்சி ஆகியவையும் இதே கோலம் காட்டக்கூடும். குரல் கேட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறை ஆறு மாத கால அறிகுறித் தொடர்ச்சியைக் கேட்கிறது. ஜப்பானியர் 2002இல் 'மனப்பிளவு' என்னும் பொருள்படும் பழைய பெயரை விட்டு, ஒருங்கிணைவுக் குலைவு என்னும் பொருளில் புதுப்பெயர் வைத்தார்கள். 'உள இயைபின்மை' எனலாமே?

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

அம்மாவின் சொல் எனக்கு இசைவே. ஆனால் இயைபு என்றால் யாப்பு படித்தவருக்கு எதுகை, மோனையோடு வரும் தொடை நினைவுக்கு வரும்; எங்கள் தெரு ஆயாவுக்கு ஒன்றுமே வராது. அவருக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற ஆங்கிலப் பெயர்தான் தெரியும். எனக்கு எழுதிய எழுவரில் ஐவர் 'மனச்சிதைவு' போதும் என்று சலித்துப்போய்ச் சொல்லிவிட்டார்கள். ஆகவே தலைப்பில் ஸ்கிசோஃப்ரினியா, உள்ளே மனச்சிதைவு, முதல் வருமிடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் உள இயைபின்மை. ஆறு மாதம் பற்றிய வரியைத் தடித்த எழுத்தில் இட்டிருக்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். வெருட்சி பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.