புதுப்பிப்பு: எழுத்தால் கட்டும் செட்டிநாட்டு வீடு

கோடே போடாமல், தமிழ் எழுத்துகளை மட்டும் அடுக்கி ஒரு கானாடுகாத்தான் வீட்டு முகப்பைப் போட்டிருந்தேன் அல்லவா? தூண்கள் எடுபடவில்லை என்றீர்கள். மாற்றிவிட்டேன்.

இப்போது தூணெல்லாம் துணைக்கால். இரண்டு கால், மேலே உத்தரம், கச்சிதம்! ஆனால் அதைத் தனியாகத் தட்டினால் யூனிகோடில் புள்ளிவட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதனால் 'கா' என்று அடித்து, வெக்டராக்கி (அதாவது, எழுத்தை வெட்டி ஒட்டக்கூடிய வடிவமாக மாற்றி), ககரத்தை வெட்டி எறிகிறேன். பர்மா தேக்குத் தூணின் பருமன் வேண்டுமே என்று இழுத்து அகலமாக்கினால் எழுத்து கோணிவிடுகிறது. கனமான எழுத்துருவுக்கு மாறுவதுதான் வழி. படிகளுக்கு டகர வரிசை, சுலபம்.

காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டைக் கேட்டவருக்கு: ஆயிரத்துக்கான தமிழ் எண் ௲ ஒன்றைப் போட்டால் முடிந்தது, போங்க!

பூ வேலைப்பாடுள்ள ஆத்தங்குடி ஓடு பதித்த தரைக்கு ஆய்த எழுத்தைச் சுழற்றிப் பூவாக்கிப் பார்க்கிறேன். கட்டத்துக்குக் கட்டம் பூ இன்னும் ஒட்டவில்லை.