புதுப்பிப்பு: கண்டிஷனர் ஊற்றியும் இறங்காத நைட்ரைட்

குன்னூர் வீட்டில் 50 லிட்டர் தங்கமீன் தொட்டி, கண்டிஷனர் (குழாய்த் தண்ணீரைப் பதப்படுத்தும் மருந்து) ஊற்றியும், மீன் கழிவிலிருந்து உருவாகும் நஞ்சான நைட்ரைட் 2 பிபிஎம்மிலேயே (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். டெஸ்ட் கிட் கெட்டுப்போயிருக்கும் என்றார்கள் சிலர். கிட் நன்றாகவே இருக்கிறது. இப்போது சொட்டு விட்டால் வெளிர் நீலம்தான், அதாவது பூஜ்யம்.

கண்டிஷனரின் முதல் வேலை குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிப்பது. நைட்ரைட்டின் நஞ்சையும் குறைக்கும் என்று சில பாட்டில்களில் போட்டிருக்கும். அப்படியே இருந்தாலும் நைட்ரைட் தண்ணீரை விட்டுப் போய்விடாது. சோதனைக் குழாயில் ஏறும் ரோஸ் நிறம் இருப்பதை எல்லாம் சேர்த்தே காட்டும். நிறம் அடர்ந்தால் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும்.

அப்புறம் நம்மூர்க் குளிர். நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா 25 டிகிரிக்கு மேல் சுறுசுறுப்பாக இருக்கும், 16 டிகிரியில் சோர்ந்துவிடும். நைட்ரைட் இறங்க இத்தனை நாள் ஆகும் என்று கோயம்புத்தூர்க்காரர்கள் சொல்லும் கணக்கு மார்கழிக் குன்னூருக்குப் பொருந்தவே பொருந்தாது. ஹீட்டர் போட்ட பிறகுதான் அளவு இறங்கத் தொடங்கியது.

அதுவரை மீன்களைக் காப்பாற்றியது உப்பு. செவுள் பழுப்பேறி, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பார்க்கவே பொறுக்கவில்லை. உப்பில் குளோரைடு இருக்கிறது. தண்ணீரில் நைட்ரைட்டைப் போலப் பத்து மடங்கு குளோரைடு இருந்தால் நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் நுழைவது பெருமளவு தடைபடும். என் தொட்டிக்கு 2 கிராம் கல்லுப்பு போதுமானதாக இருந்தது. தண்ணீர் மாற்றும்போது, எடுத்த தண்ணீரோடு போன உப்பை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும்.

ஃபில்டர் பஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீர் பட்டால் குளோரின் பஞ்சில் வாழும் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.