ஞாநியும் 17ஏ பதிவேடும்

மறைந்த பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநியைப் பற்றி எழுதியவர்களில் சிலர் அவருடைய பரீக்ஷா நாடகக் குழுவில் நடித்தவர்கள்; சிலர் பத்திரிகையில் அவரோடு வேலை பார்த்தவர்கள். எனக்கு அப்படியொரு நெருக்கம் வாய்க்கவில்லை. அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு காரியத்தைச் செய்து பார்த்த வாசகன் நான். அந்த அனுபவத்தைத்தான் என்னால் பகிர்ந்துகொள்ள முடியும்.

அவருடைய ‘ஓ பக்கங்கள்’ பத்தியை, அது ஆனந்த விகடனில் வந்த காலத்திலிருந்தே விடாமல் படித்தேன். அது குமுதத்துக்கும் பிறகு கல்கிக்கும் போனபோது, நானும் அந்தந்த இதழை வாங்கத் தொடங்கினேன். முதல்வராக இருந்த கருணாநிதி முதுமையைக் கருதி ஓய்வு பெற வேண்டும் என்று 2007இல் அவர் எழுதியதற்குக் கிளம்பிய கடும் எதிர்ப்பு பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் கட்டுரையோடு எனக்கு முழு உடன்பாடு இருந்ததில்லை, இன்றும் இல்லை. ஆயினும், அதிகாரத்தில் இருப்பவரை நோக்கித் தன் பெயரைப் போட்டு, சுற்றி வளைக்காமல் எழுதிய அந்தத் துணிச்சலுக்காகவே அடுத்த வாரமும் அவரைத் தேடிப் படித்தேன்.

என்னை உண்மையில் அசைத்தது 49ஓ என்ற தேர்தல் விதி பற்றி அவர் தொடர்ந்து எழுதியதுதான். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் அப்படியொரு விதி இருப்பதும், எந்த வேட்பாளரையும் ஏற்க விரும்பாத வாக்காளர் வாக்குச்சாவடிக்குச் சென்று அதைப் பதிவு செய்யலாம் என்பதும், அவர் எழுதும்வரை எனக்குத் தெரியாது. 2009 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலின்போது, ஆலந்தூரில் எனக்குரிய வாக்குச்சாவடியில், விரலில் மை வைத்து, வாக்களிக்க வருபவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, வாக்களிக்க விரும்பவில்லை, 49ஓ பிரிவில் பதிவு செய்யுங்கள் என்று கேட்டேன். மை வைத்த ஊழியர் என்னையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தலைமை அலுவலர் தமக்கு அப்படி எதுவும் தெரியாது என்றார். பிறகு கையேட்டைப் புரட்டி, விதியைக் கண்டுபிடித்து, என் பெயருக்கு நேரே குறிப்புரைக் கட்டத்தில் ஒரு வரி எழுதி, அதன் கீழே மறுபடியும் கையெழுத்து வாங்கினார். அதற்குள் கால் மணி நேரம் போயிருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கட்சிகளின் பூத் ஏஜெண்டுகள் அத்தனை பேரும் தலையை உயர்த்தி என் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த விதியில் இருந்த குறை எனக்கு அன்றுதான் விளங்கியது. வாக்களிப்பவருக்கு இருக்கும் ரகசியம் மறுப்பவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று அளித்த தீர்ப்பும் இந்த ரகசியத்தை முன்வைத்தே அமைந்தது. அதன் பிறகு வாக்குப்பதிவு இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தது மக்கள் சிவில் உரிமைக் கழகம். ஆனால் என்னைப் போன்ற தமிழ் வாசகர்களுக்கு அந்த உரிமையைச் சொல்லிக் கொடுத்தது வாரப் பத்திரிகையில் வந்த ஒரு பத்திதான்.

கே.கே. நகரில் அவர் வீட்டுக் கிணற்றடியில், எழுத்தாளர் பாஸ்கர் சக்தியோடு சேர்ந்து அவர் நடத்திய கேணி சந்திப்புக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் பதிவேட்டுக் கதையை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே போய், கூட்டம் முடிந்ததும் அவரைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் தயங்கித் திரும்பிவிட்டேன். அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தது இன்றும் உறுத்துகிறது.

சிறுநீரகக் கோளாறால் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த நாட்களிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 2018 ஜனவரி 15 அன்று, பொங்கலுக்கு மறுநாள், அவர் மறைந்த செய்தி வந்தது. அவருடைய உடல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக அளிக்கப்பட்டது. இறுதிச் சடங்கு எதுவும் இல்லாமல் முடிந்த அந்த விடைபெறலைக் கேட்டபோது, அவர் எழுத்துக்கும் வாழ்க்கைக்கும் இடைவெளி விடாதவர் என்று தோன்றியது.

அன்று முழுவதும் எனக்கு நினைவில் நின்றது 2014 ஏப்ரல் 24. நாடாளுமன்றத் தேர்தலோடு ஆலந்தூர் சட்டமன்ற இடைத்தேர்தலும் அன்று நடந்தது. ஆம் ஆத்மி கட்சியின் சார்பில் துடைப்பம் சின்னத்தில் ஞாநி நின்றார். அவர் வெல்லப் போவதில்லை என்பது தெரிந்ததுதான்; வெல்லவும் இல்லை. சட்டமன்றத்துக்கான இயந்திரத்தின் முன் நின்றபோது, பட்டியலில் அவர் பெயர் இருந்தது. எல்லாப் பெயர்களுக்கும் கீழே, கடைசியாக, நோட்டா பொத்தான் இருந்தது. மறைப்புக்குள் என்னை யாரும் பார்க்கவில்லை. 2009இல் நான் கேட்டது இப்போது விரல் நுனியில் கிடைத்தது. சற்று நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஞாநியின் பெயருக்கு நேரே இருந்த பொத்தானை அழுத்தினேன்.