1 பேதுரு 3:3: தமிழில் "உயர்ந்த வஸ்திரம்", மலையாளத்தில் வெறும் வஸ்திரம். எது சரி? (கம்மல் விஷயம்)

களியக்காவிளைக்காரி:
ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, திட்டினாலும் பரவாயில்லை என்று கேட்கிறேன்.

அப்பா வழி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), வீட்டில் தமிழ் வேதாகமம். அம்மா பாறசாலைக்காரி, அவருக்கு ஜெபமே மலையாளத்தில்தான் வரும். எனக்குப் பத்து வயதில் அம்மா நகை போடாத ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்து, குழித்துறை ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். மறுவாரமே என் கம்மலும் போயிற்று. அதையும் அம்மாவின் இரண்டு வளையலையும் விற்ற காசில்தான் அடுக்களைக்கு ஓடு மாற்றினோம். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு மட்டும் இது பொறுக்கவே இல்லை. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கிற சாக்கில், துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்து எண்ணெயில் தோய்த்து என் காதுத் துளையில் நுழைத்துவிடுவார். "தூந்து போவும் மக்களே, அனங்காம இரி" என்பார். ஞாயிறு காலை ஆராதனைக்கு முன் நானே பிடுங்கிப் போடுவேன். பாட்டி போன பிறகு யாரும் ஈர்க்கு வைக்கவில்லை.

இப்போது எனக்கு 28. சொந்தச் சம்பளத்தில் ஒரு சின்னக் கம்மல் வாங்க ஆசை, அவ்வளவுதான். அம்மா 1 பேதுரு 3:3-ஐ எடுத்து வைத்தார். அன்றைக்குத்தான் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தமிழில் "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு உங்களுக்கு அலங்காரமாயிராமல்" என்று இருக்கிறது. மலையாளத்தில் "வஸ்த்ரம் தரிக்குன்னதும்" என்று மொட்டையாக நிற்கிறது. மலையாளம்தான் சரி என்றால், பொன் கூடாது என்கிற அதே வரியில் துணியும் கூடாது என்றல்லவா ஆகும்? தலை பின்னுவதும் அங்கேயேதான் வருகிறது, ஆனால் சபையில் எல்லா அக்காமாரும் பின்னல்தான். இதைக் கேட்டால் "சுய வியாக்கியானம்" (தன் இஷ்டத்துக்குப் பொருள் சொல்வது) என்று சொல்லி 2 பேதுரு 1:20-ஐ நீட்டுகிறார்கள். நான் வாசிப்பதே தப்பா?

ஓய்வு வாத்தியார்:
மகளே, உன் அம்மாவின் மலையாளம்தான் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் "வஸ்திரங்களை உடுத்துதல்" என்று மட்டும்தான், "உயர்ந்த" இல்லை. நம் கையில் இருக்கும் தமிழ், 1871-இல் மிஷனரி பவர் ஐயர் குழு முடித்த திருத்திய மொழிபெயர்ப்பின் வழி வந்தது. வெறும் "வஸ்திரம்" என்று விட்டால் பொருள் கோணலாகிவிடும் என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதற்காக ஏமாற்று என்று சொல்லிவிடாதே, 1 தீமோத்தேயு 2:9-இல் "விலையேறப்பெற்ற வஸ்திரம்" என்பது மூலத்திலேயே உண்டு. ஆனால் ஒன்று, அந்தச் சொல்லைச் சேர்த்ததே ஒரு வியாக்கியானம்தானே! துணி என்றால் ஆடம்பரத் துணி என்று அர்த்தம் பண்ணுவோம், பொன் என்றால் மட்டும் ஒரு குந்துமணிகூட ஆகாது என்பது எந்தக் கணக்கு?

பேதுருவின் "இது அல்ல, அதுவே" (புற அலங்காரம் அல்ல, இருதயத்தின் குணமே) என்கிற பேச்சு முறையையும் பார். யோவான் 6:27-இல் அழிந்துபோகிற போஜனத்துக்காக அல்ல, நிலைநிற்கிற போஜனத்துக்காகவே கிரியை நடப்பியுங்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். அதைக் கேட்டு எந்த விசுவாசியாவது ரப்பர் வெட்டப் போகாமல் இருந்தாரா? எது பெரிது என்று சொல்லும் நடை அது.

அப்புறம் 2 பேதுரு 1:20. அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படித்தால், தீர்க்கதரிசனம் மனுஷருடைய சித்தத்தினாலே உண்டாகவில்லை என்று அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பேசுகிறது. வீட்டில் உட்கார்ந்து படிக்கிற பெண்ணைப் பற்றி அல்ல. பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள், அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது.

நெய்யாற்றின்கரை அக்கா:
வாத்தியார் சார், கிரேக்கம் எல்லாம் சரி. நானும் நகை போடாத சபைதான், ஆனால் என்னிடம் யாரும் பிடுங்கவில்லை, நானாகக் கழற்றினேன். எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் முதலில் கழுத்தைப் பார்ப்பார்கள், எத்தனை பவன் என்று கண்ணாலேயே எடை போட்டுவிட்டுத்தான் "சாப்பிட்டாயா" என்பார்கள். என் அக்காவின் மாலை பாதி நாள் அடகில்தான் கிடந்தது, விசேஷத்துக்கு மீட்பதும் திரும்ப வைப்பதுமாக. எனக்கு அந்தப் பாடு இல்லை, கூலி வேலைக்குப் போகிறவளும் டீச்சரும் ஒரே பெஞ்சில் ஒரே மாதிரி உட்காருகிறோம். யாத்திராகமம் 33-இல் ஜனங்கள் ஆபரணங்களைக் கழற்றினதும் வேதத்தில் இருக்கிறதே. (எங்கள் ஆட்களிலும் பவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கார் கேட்கிறவர்கள் உண்டு, அதை மறைக்கவில்லை.) ஆனால் தங்கச்சி, பத்து வயதுப் பிள்ளையின் காதிலிருந்து கழற்றியது எனக்கும் சரியாகப் படவில்லை. அது உன் விசுவாசம் இல்லையே, அம்மாவுடையதுதானே.

மலையோரம்:
ஒரு பழைய கதையையும் சேர்த்துப் பாருங்கள். இதே விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் நம் பாட்டிமாரின் பாட்டிமார் மாரில் சீலை போட்டதற்காக மேல்சாதிக்காரர்கள் அதைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1820-களில் தொடங்கிய தோள்சீலைக் கலகம் 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் ராஜா அறிவிப்பு போட்ட பிறகுதான் அடங்கியது. அதிலும் மேல்சாதிக்காரிகள் உடுக்கிற விதத்தில் உடுக்கக்கூடாது என்று ஒரு கொக்கி. பொன் போடுவதற்கும் சாதித் தடை இருந்த நாடு இது. அன்றைக்கு "உடுத்துக்கொள்" என்று நம் பெண்கள் பக்கம் நின்றவர்கள் வேதத்தைக் கையில் வைத்திருந்த மிஷனரிகள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் என்ன போடலாம் என்பதற்கு மறுபடியும் வேறொருவர் பட்டியல் போட்டால் எனக்கு எரிகிறது, யார் போட்டாலும்.

நெய்யாற்றின்கரை அக்கா:
அண்ணா, சீலையைக் கிழித்ததையும் நான் இஷ்டப்பட்டுக் கழற்றியதையும் ஒரே முடிச்சில் போடாதீர்கள்.

மலையோரம்:
உங்களைச் சொல்லவில்லை அக்கா. பத்து வயசுக் காதைத்தான் சொன்னேன்.

களியக்காவிளைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. யோவான் 6:27-ஐ அம்மாவிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தன் மலையாள வேதத்தில் பேதுருவை விரித்து, விரல் வைத்து மூன்று முறை வாசித்தார். பிறகு "உன் பாட்டி ஈர்க்கு வைத்தது எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். தெரியுமாம்! இத்தனை வருஷம் தெரிந்தே இருந்திருக்கிறார். எனக்கு அதற்கு மேல் வாதாடத் தோன்றவில்லை.

ராத்திரி ஒரு ஈர்க்கை எண்ணெயில் தோய்த்து வைத்துப் பார்த்தேன். இடது காது தூர்ந்தே போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் வலித்தது, ஆனால் அந்தப் பக்கம் வந்துவிட்டது. இடதை மறுபடியும் குத்த கடையில் கன் வைத்து அடிப்பது நல்லதா, தட்டானிடம் போவதா?

நெய்யாற்றின்கரை அக்கா:
தட்டானிடம் போ. பழைய தழும்புக்குச் சற்று மேலே குத்தச் சொல்.