டிசம்பர் முதல் வாரம் கிராகோவில் நான்கு இரவு: அம்மாவுக்கு மூட்டுவலி, சாப்பாடு சைவம். எதை முதலில் பதிவு செய்வது?

ரோஸ்ஹில்_குடும்பம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பாரிஸில் தம்பி வீட்டுக்குப் போகிறோம். நடுவில் போலந்தின் கிராகோவுக்கு ஒரு சின்னப் பயணம் போய்வர எண்ணம். டிசம்பர் முதல் வாரத்தில் செவ்வாய் மாலை இறங்கி, சனி பிற்பகல் பாரிஸ் திரும்புவோம். ஐந்து பேர்: நானும் வீட்டுக்காரரும், பிள்ளைகள் இருவர் (15, 11 வயது), அம்மா (68). அம்மாவுக்கு வலது முழங்காலில் வலி. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படி இறங்குவதுதான் சிரமம். அவரும் நானும் சுத்த சைவம்.

பார்க்க நினைப்பவை: பழைய நகரம், வாவெல் அரண்மனை, வியெலிச்கா உப்புச் சுரங்கம், ஆஷ்விட்ஸ் (நாஜிகளின் வதைமுகாம், இப்போது நினைவிடம்). சுரங்கத்தையும் ஆஷ்விட்ஸையும் ஒரே நாளில் காட்டும் பேருந்துச் சுற்றுலா இருக்கிறதாம், ஒரு நாள் மிச்சமாகும் என்கிறார்கள். எடுக்கலாமா? எல்லாருக்கும் மொரீஷியஸ் பாஸ்போர்ட்தான். விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

க்யூர்பிப்_பனிமூட்டம்:

வணக்கம் தங்கச்சி. அந்த ஒருநாள் சுற்றுலா வேண்டாம். ஆஷ்விட்ஸ் கிராகோவுக்கு மேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். உள்ளே மட்டும் மூன்றரை மணி நேரம் நடை. அதை முடித்த கையோடு சுரங்கத்தில் நூற்றுக்கணக்கான படி இறங்கினால் அம்மாவின் முழங்கால் அடுத்த இரண்டு நாளைக்கு உதவாது. மனமும் அப்படித்தான். அங்கிருந்து வந்தவர்களுக்கு அன்றைக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றாது.

டிசம்பரில் அந்த ஊரில் எல்லாமே வெளிச்சக் கணக்குதான். மாலை 3:40 போல சூரியன் மறைந்துவிடும். வெளியில் பார்க்க வேண்டியதை எல்லாம் காலையில் வைத்துக்கொண்டு, கூரைக்குக் கீழே உள்ளதையும் பூமிக்கு அடியில் உள்ளதையும் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் மதியம் சுரங்கத்துக்குப் போக வேண்டியவர்கள் காலையிலேயே போய்விட்டு, வாவெல் குன்றை இருட்டில் சுற்றுகிறார்கள்.

நான் போடும் வரிசை இது.

புதன் காலை வாவெல். சாய்வுப் பாதை ஏற்றம்தான், அம்மா நின்று நின்று ஏறலாம். அரண்மனையில் ஒரே டிக்கெட் எல்லாவற்றுக்கும் செல்லாது. ஒவ்வொரு காட்சிக்கும் தனி டிக்கெட், நேரம் குறித்துத் தருவார்கள், எண்ணிக்கையும் குறைவு. ஒன்றோ இரண்டோ எடுத்தால் போதும். பேராலயத்துக்கு அரண்மனை டிக்கெட் செல்லாது, அது வேறு நிர்வாகம். 1520-இல் வார்த்த சிக்மண்ட் மணியைப் பார்க்கக் கோபுரத்தில் குறுகலான மரப்படி ஏற வேண்டும். அதற்குப் பிள்ளைகள் போகட்டும், அம்மா கீழே அரசர்களின் கல்லறைச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இறங்கி வந்து, பழைய மதிலை இடித்த இடத்தில் நகரைச் சுற்றி வளர்த்த பிளான்டி பூங்கா வழியாக நடந்தால் பாதை முழுக்கச் சமதளம், உட்கார பெஞ்சுகளும் உண்டு.

வியாழன்தான் உங்களுக்கு அமைந்த அதிர்ஷ்டம். டிசம்பரின் முதல் வியாழக்கிழமை, கிராகோவ் கைவினைஞர்கள் தாங்கள் செய்த 'ஷோப்கா' கிறிஸ்துமஸ் குடில்களைப் பழைய நகரத்தின் பெரிய சதுக்கத்தில் கவிஞர் ஆதாம் மித்ஸ்கியேவிச் சிலையின் படிகளில் கொண்டுவந்து வைப்பார்கள். நாம் தேவாலயங்களில் பார்க்கும் வைக்கோல் தொழுவம் போல இருக்காது. நகரத்துக் கோபுரங்களையே வண்ணத் தாளால் மின்ன மின்னக் கட்டியிருப்பார்கள். 1937-இல் தொடங்கிய போட்டி, 2018-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. நண்பகலுக்குப் பிறகு எடுத்துவிடுவார்கள், ஆகவே பத்து, பத்தரைக்கு அங்கே நில்லுங்கள்.

அதே சதுக்கத்தின் மூலையில் புனித மரியா ஆலயம். சரியாக 11:50-க்கு, சிற்பி வீட் ஸ்டோஸ் 1477 முதல் 1489 வரை செதுக்கிய பெரிய மரப் பீடத்தின் கதவுகளைத் திறப்பார்கள். டிக்கெட்டை முன்னதாக எடுத்துக்கொண்டு 11:40-க்குள் உள்ளே போய் முன்வரிசையில் உட்காருங்கள். சுற்றுலாப் பயணிகளுக்குப் பக்கவாட்டு வாசல். முன்வாசல் ஜெபிக்க வருபவர்களுக்கானது. பிறகு வெளியே வந்து ஒரு மணிக்கு உயரமான கோபுரத்தைப் பாருங்கள். எக்காளம் நான்கு திசைக்கும் ஒலிக்கும், ஒவ்வொரு முறையும் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். தாத்தாரியர் படையெடுப்பில் எக்காளம் ஊதிய காவல்காரனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாகச் சொல்லும் பழங்கதையின் நினைவு அது.

அன்று பிற்பகலே வியெலிச்கா. கிராகூஃப் குவூவ்னி என்ற நகரின் முக்கிய ரயில் நிலையத்திலிருந்து 'வியெலிச்கா ரினெக் கொபால்னியா' என்ற கடைசி நிறுத்தம் வரை போங்கள், அரை மணிக்குள் போய்விடலாம். அங்கிருந்து சுரங்கம் நடக்கும் தூரம். சாதாரண வழி என்றால் தொடக்கத்திலேயே மரப்படிக்கட்டில் ஏறத்தாழ 380 படி, மொத்தம் 800-ஐத் தொடும். மேலே வருவது மட்டும் லிஃப்ட்டில். அம்மாவுக்கு இது முடியாது. நடக்கச் சிரமப்படுபவர்களை லிஃப்ட்டில் இறக்கிச் சுருக்கமான பாதையில் கூட்டிப்போகும் ஏற்பாடு உண்டு, ஆனால் அன்றைக்கு வாசலில் போய்க் கேட்டால் கிடைக்காது. பதிவு செய்வதற்கு முன்பே சுரங்க நிர்வாகத்துக்கு எழுதுங்கள். அது கிடைக்காவிட்டால் நீங்களும் அம்மாவும் சதுக்கத்திலேயே இருங்கள், மற்ற மூவரும் போய்வரட்டும். 101 மீட்டர் ஆழத்தில் உப்பில் குடைந்த புனித கிங்கா ஆலயத்தைப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். கீழே எந்த மாதமும் 17, 18 டிகிரிதான். வெளியே உறைபனி என்று மூன்று அடுக்கு போட்டவர்களுக்கு அரை மணியில் வியர்க்கும், கழற்றிக் கையில் தூக்கும்படி உடுத்துங்கள்.

வழிகாட்டியோடுதான் இறங்க முடியும், மொழி பார்த்து நேரம் தேர்வு செய்ய வேண்டும். நம்மவர்களுக்குப் பிரெஞ்சு சரளம் என்பதால் பிரெஞ்சுக் குழு தேடுவோம், ஆனால் அதற்கு நேரங்கள் குறைவு. ஆங்கிலக் குழு அடிக்கடி உண்டு. இரண்டு மணியைத் தாண்டிய நேரம் எடுக்காதீர்கள்.

போலூயி_சமையல்கட்டு:

சாப்பாட்டில் எங்கே ஏமாறுவோம் என்று சொல்கிறேன். பெயரில் இறைச்சி இருக்காது, தட்டில் இருக்கும்.

பியெரோகி என்பது நம் கொழுக்கட்டை போல மடித்து வேகவைத்தது. 'ருஸ்கியே' என்றால் உருளைக்கிழங்கும் வெண்பாலாடைக்கட்டியும், 'ஸ் கபுஸ்தோம் இ க்ஷிபாமி' என்றால் முட்டைக்கோசும் காளானும். உள்ளே சைவம்தான். ஆனால் மேலே பன்றிக்கொழுப்பை வறுத்துத் தூவித் தருவது வழக்கம். 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெங்காயத்தையும் சில இடத்தில் அதே கொழுப்பில் வதக்குவார்கள், வெண்ணெயா என்று கேளுங்கள். மாவில் முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு, அம்மா முட்டையும் தொடமாட்டார் என்றால் அதையும் கேட்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் சந்தையில் பெரிய ரொட்டித் துண்டில் வெள்ளையாகத் தடவித் தருவது வெண்ணெய் இல்லை. அது 'ஸ்மாலெட்ஸ்', பன்றிக்கொழுப்பு. நம் ஆட்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 'ஓஸ்ட்சிபெக்' என்ற புகையூட்டிய ஆட்டுப்பால் கட்டியைச் சுட்டுப் பழக்கூழோடு தருவார்கள். பாலைத் திரிக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள், தொத்திறைச்சி சுடும் அதே தட்டில் சுடுவதும் உண்டு. சுத்த சைவத்துக்கு ஒத்துவராது. ஜூரெக் சூப்பில் தொத்திறைச்சி, பிகோஸில் முட்டைக்கோசுக்குள் இறைச்சி. பீட்ரூட் சூப்பான பார்ஷ்ச் நிறத்தைப் பார்த்து நம்ப வேண்டாம், எலும்புச் சாற்றில் செய்திருக்கலாம்.

பெரும்பாலும் எளிதாக வாங்கக்கூடியது தெருவோர வண்டியில் விற்கும் 'ஒப்வஜானெக்'. மாவை முறுக்கி வளையமாக்கி, வெந்நீரில் போட்டெடுத்துச் சுடுவது. எள், கசகசா, உப்பு தூவியவற்றைக் கேளுங்கள், பாலாடைக்கட்டி போட்டதை விடுங்கள். காலையில் வாங்கினால்தான் மென்மை, மாலைக்குள் கல்லாகிவிடும். உட்கார்ந்து மலிவாகச் சாப்பிட 'பார் ம்லெச்னி' என்ற பால்விடுதிகள் இருக்கின்றன. பெயருக்கு ஏற்பப் பால், மாவுப் பண்டம்தான் அங்கே பிரதானம். கூழ், காய்கறிக் கூட்டு, பழச்சாறு எல்லாம் கிடைக்கும்.

'பெஸ் மியென்சா' என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் பலருக்கு மீன் இறைச்சிக் கணக்கில் வராது. 'பெஸ் ரிப்' (மீன் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் என்றால் 'வோவோவினா' என்ற சொல்லை நினைவில் வையுங்கள்.

தமிழ்_வழிப்போக்கன்:

க்யூர்பிப் அண்ணன் சொன்னது சரி. ஒரு சின்ன மாற்றம்: ஆஷ்விட்ஸுக்கு ஐந்து பேரும் போக வேண்டாம். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அழைத்துவர வேண்டாம் என்று நினைவிடமே கேட்டுக்கொள்கிறது. சின்னப் பிள்ளைக்கு 11தான் ஆகிறது. அம்மாவுக்கும் பிர்கெனாவ் என்ற இரண்டாம் முகாமின் திடலில் கரடுமுரடான சரளைப் பாதையில் நீண்ட நடை, குளிர்காற்றுக்கு மறைவும் கிடையாது. வீட்டுக்காரரும் மூத்த பிள்ளையும் வெள்ளிக்கிழமை போகட்டும்.

பதிவு செய்ய வேண்டிய வரிசையில் முதலாவது இதுதான். விமானத்துக்கு அடுத்து உடனே செய்யுங்கள். நினைவிடத்தின் சொந்தத் தளத்தில், ஆள்பெயர் குறித்துத்தான் சீட்டு தருவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே இருக்க வேண்டும். நம் பெயர்களில் எது குடும்பப்பெயர், எது சொந்தப்பெயர் என்று மாற்றிப் போட்டுவிட்டு வாசலில் நிற்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டையும் கையில் கொண்டுபோக வேண்டும். கைப்பை 35 × 25 × 15 சென்டிமீட்டருக்குள். டிசம்பரில் உள்ளே விடுவது மதியம் இரண்டு மணி வரைதான், காலை ஒன்பது, பத்து மணிக் குழுவை எடுங்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய பேருந்து நிலையத்திலிருந்து ஓஷ்வியென்சிம் (ஆஷ்விட்ஸ் ஊரின் போலிஷ் பெயர்) பேருந்து ஒன்றரை மணி நேரம். நினைவிட வாசலிலேயே நிற்கும் பேருந்தா என்று பார்த்து ஏறுங்கள். முதல் முகாமுக்கும் பிர்கெனாவுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர், இலவசப் பேருந்து ஓடும். நம் மேட்டுநில ஊரான க்யூர்பிப்பின் ஆகஸ்டு குளிருக்கு உடுத்துவது போல உடுத்தினால் போதாது. தடித்த அடியுள்ள காலணியும் கம்பளிக் காலுறையும் அவசியம், குளிர் முதலில் ஏறுவது பாதத்தில்தான்.

அதே வெள்ளி காலையில் நீங்கள் மூவரும் யூதர்கள் வாழ்ந்த காஜிமியெஜ் பகுதிக்கு டிராமில் போங்கள். ஷெரோகா தெரு, ரெமு தொழுகைக்கூடம், அதன் பழைய இடுகாடு. இதைச் சனிக்கு ஒத்திவைக்காதீர்கள், ஓய்வுநாளில் தொழுகைக்கூடங்கள் மூடியிருக்கும். வெள்ளியிலும் சூரியன் சாய்வதற்கு முன்பே சாத்திவிடுவார்கள். சனி காலைக்கு சார்டொரிஸ்கி அருங்காட்சியகத்தை வையுங்கள். லியொனார்டோ வரைந்த 'எர்மினோடு (கீரி போன்ற வெண்ணிற விலங்கு) இருக்கும் சீமாட்டி' ஓவியம் அங்கேதான். வாவெலில் இருக்கிறது என்று பழைய கையேடுகளைப் பார்த்துத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ரோஸ்ஹில்_குடும்பம்:

ரொம்ப நன்றி. பிரிந்து போவது எங்களுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் சரி. இன்னும் மூன்று கேள்வி: விசா, பணம், விமானநிலையம்?

க்யூர்பிப்_பனிமூட்டம்:

மொரீஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் (பிரான்ஸ், போலந்து உள்ளிட்ட, பொது விசா விதியுள்ள ஐரோப்பிய நாடுகள்) 180 நாளுக்குள் 90 நாள் விசா வேண்டாம். பாரிஸில் தங்கும் நாளும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். இணையவழி முன்அனுமதி நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று டிக்கெட் எடுக்கும் நாளில் ஐரோப்பிய ஒன்றியத் தளத்தில் பாருங்கள்.

பாரிஸ்–கிராகோவ் விமானத்தில் விலையை மட்டும் பார்க்காதீர்கள். 'பாரிஸ் போவே' என்று போட்டிருந்தால் அந்த விமானநிலையம் நகரிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி. ஐந்து பேருக்குப் பேருந்துக் கட்டணம் கூட்டினால் மிச்சம் கரைந்துவிடும். கிராகோவ் விமானநிலையத்திலிருந்து நகர நடுவுக்கு ரயிலில் இருபது நிமிடம் போலத்தான். ரயில் நிலையத்துக்கும் பழைய நகரத்துக்கும் நடுவில் அறை எடுத்தால் பெட்டியை உருட்டிக்கொண்டே போகலாம். லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள், பழைய கட்டடங்களில் பல நேரம் இருக்காது.

பணம் ஸ்லோட்டி, யூரோ இல்லை. நம் மொரீஷியஸ் ரூபாயை அங்கே மாற்ற முடியாது, யூரோவாகக் கொண்டுபோங்கள். 'காண்டோர்' என்ற மாற்றுக்கடைகளில் 'ஸ்கூப்' என்ற பத்தியில் உள்ளதுதான் உங்கள் யூரோவுக்கு அவர்கள் தரும் விலை. அதற்கும் 'ஸ்பிஷெதாஷ்' (அவர்கள் விற்கும் விலை) பத்திக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அடுத்த கடைக்கு நடங்கள். விமானநிலையத்தில் மாற்ற வேண்டாம். அட்டை இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா' என்று கேட்டால் மறுத்து ஸ்லோட்டியை அழுத்துங்கள், இல்லாவிட்டால் மோசமான விலையில் கழிப்பார்கள். கழிப்பறைக்குச் சில்லறை நாணயம் வேண்டும். டிராமில் காகிதச் சீட்டு எடுத்தால் ஏறியவுடன் இயந்திரத்தில் முத்திரையிடுங்கள், முத்திரையில்லாத சீட்டுக்கும் அபராதம் உண்டு.

நம் வீட்டு மூன்று சதுரமுனை பிளக் அங்கே நுழையாது. பிரான்ஸில் பயன்படும் இரண்டு உருளைமுனை அடாப்டரே போலந்துக்கும் போதும், தம்பி வீட்டில் இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.