த்ரீ நாட் த்ரீ குடுத்த முதல் உதை, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

போலீஸ் ட்ரெயினிங்ல முதல் நாள் ஃபயரிங். அதுக்கு முன்னாடி காலேஜ் என்சிசில .22 ரைஃபிள் சுட்டிருக்கேன், அதுல குண்டே 2.6 கிராம்தான், உதைக்குறது தெரியவே தெரியாது, அதனால துப்பாக்கின்னா இவ்ளோதான்னு நெனச்சுட்டு சுடுறதுக்குப் போய் படுத்தேன். கைல குடுத்தது .303, அதான் த்ரீ நாட் த்ரீ ரைஃபிள். தோள்ல வெக்குற பின்பக்கக் கட்டையோட (பட்) அடில பித்தளைத் தகடு இருக்கும், காலைல இருந்து வெயில்ல கெடந்து சட்டைக்கு மேலயே சுட்டுச்சு, அதனால தோள்ல அழுத்தாம ஒரு விரக்கடை தள்ளி லேசா வெச்சுக்கிட்டேன். ட்ரிகர அமுக்கினதுதான் தெரியும், காலர் போன்ல சுத்தியலால போட்ட மாதிரி ஒரு குத்து. மறுநாள் அந்த எடம் கத்திரிக்கா கலர்ல இருந்துச்சு, தகட்டோட விளிம்பு அப்படியே அச்சா விழுந்திருந்துச்சு, நாலு நாளைக்கு இடது கையாலதான் தலை சீவினேன்.

பின்னாடி ஒக்காந்து கணக்கு போட்டேன். குண்டு 11.3 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 740 மீட்டர், துப்பாக்கி 4 கிலோ. குண்டு எவ்ளோ உந்தத்தோட (எடையையும் வேகத்தையும் பெருக்கினா வர்றது) முன்னாடி போகுதோ அவ்ளோ உந்தத்தோட துப்பாக்கி பின்னாடி வந்தாகணும். குண்ட மட்டும் வெச்சுப் பாத்தா துப்பாக்கிக்கு நொடிக்கு 2 மீட்டர் வேகம் வருது, ஆனா நிஜத்துல 3 மீட்டர்கிட்ட வரும், ஏன்னா வெடிமருந்து எரிஞ்சு வர்ற வாயு குண்டவிட வேகமா குழல் வாயில பீச்சிட்டுப் போகுது, அதுவும் ராக்கெட் மாதிரி பின்னாடி தள்ளும். லூசா வெச்சா அந்த 4 கிலோவும் தனியா வேகம் எடுத்து வந்து எலும்புல மோதும். தோள் குழில இறுக்கி வெச்சா துப்பாக்கியும் ஒடம்பும் ஒண்ணாயிடும், உந்தம் அதேதான், ஆனா எடை கூடுறதால வேகம் கொறஞ்சு, குத்தா வராம தள்ளுற மாதிரி வரும்.

அடுத்த தடவை ஹவில்தார் எனக்குத் தெரியாம டம்மி ரவுண்டு, அதாவது வெடிக்காத தோட்டா ஒண்ணு கலந்து குடுத்துட்டார். அமுக்கினேன், வெடிக்கல, ஆனா குழல் முனை மட்டும் நாலு விரல் கீழ எறங்கிச்சு. “பாத்தியா, அது ஒன்ன உதைக்கல, நீதான் அத உதைக்கிற”ன்னார். குண்டு குழல விட்டு வெளிய போறதுக்குள்ள துப்பாக்கி பின்னாடி நகர்றது வெறும் 2 மில்லிமீட்டர்தான், குறி தப்புறது உதையால இல்ல, உதை வரப்போகுதேங்குற பயத்தால.

*

அண்ணே, எங்கப்பா ராணுவத்துல இருந்து வந்து பேங்க்ல கார்டா இருந்தவர், அவர்கிட்ட இருந்தது 12 போர் துப்பாக்கி, சின்னச் சின்ன ஈய ரவையா சுடுறது. வருஷா வருஷம் ப்ராக்டிஸுக்குப் போறப்ப துண்ட நாலா மடிச்சு தோள்ல வெச்சுக்குவார். ரவையோட வேகம் .303ல பாதிதான், ஆனா ஒரு தோட்டால 32 கிராம் ஈயம், துப்பாக்கியோ 3 கிலோதான், அப்ப உதை இன்னும் மோசம். சினிமால குண்டு பட்டவன் பத்தடி பறந்து விழுவான்ல, அத பாத்தாலே அப்பாக்கு கோவம் வரும், அவனுக்கு அவ்ளோ தள்ளுன்னா சுட்டவனும் அதே மாதிரி பின்னாடி பறக்கணுமேடாம்பார். நூத்துக்கு நூறு சரி.

*

தம்பிகளா, நான் ஆர்ட்டிலரி, போஃபர்ஸ் பீரங்கிய இயக்குற குழுவுல (டிடாச்மென்ட்) இருந்தேன். ஷெல் 43 கிலோ, நொடிக்கு 800 மீட்டருக்கு மேல போகும், கன் சுமார் 12 டன். ஒங்க கணக்கு இங்கயும் அதேதான், மொத்த கன்னும் நொடிக்கு 3 மீட்டர் வேகத்துல பின்னாடி வரணும், அப்படி வந்தா பின்னாடி நிக்குற எங்க கதி என்ன? அதான் பேரல் மட்டும் தனியா பின்னாடி சறுக்கும், எண்ணெயும் அழுத்தி வெச்ச வாயுவும் அத வாங்கிக்கும், முனைல இருக்குற மசில் ப்ரேக் வாயுவப் பக்கவாட்டுல திருப்பி விட்டு கொஞ்சம் முன்னாடி இழுக்கும், மிச்சத்த மண்ணுல பதிச்ச ஸ்பேடு, அதாவது மண்வெட்டி மாதிரி இருக்குற இரும்புக் கால், தாங்கும். முதல் ரவுண்டுலதான் ஸ்பேடு நல்லா எறங்கி ஒக்காரும், பாறைத் தரைன்னா அதுவும் எறங்காது, கன் நகந்துரும், மறுபடி குறி வெக்கணும், குளிர்ல அது பெரிய பாடு. பேரல் பின்னாடி போறது கண்ணுக்கே சிக்காது, திரும்பி முன்னாடி வர்றதுதான் தெரியும், நடை சாத்துறப்ப கோயில் கதவு வருமே, அந்த மாதிரி நிதானமா.