ஃப்ரீஸ் மியூசியத்தின் சீட்டித்துணி யாருடையது?

அவுரி:
நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத் தலைநகர் லேவார்டனில் 1881இல் தொடங்கிய ஃப்ரீஸ் மியூசியத்தில், பூ வேலை செய்த பருத்தித் துணியான சீட்டித்துணியில் தைத்த பழைய உடைகள் நிறைய இருக்கின்றன. அதே மாகாணத்து ஹின்டலோப்பன் ஊர்ப் பெண்கள் போட்ட 'வென்ட்கே' என்ற நீண்ட மேலங்கி அவற்றில் ஒன்று. அந்தத் துணியில் பெரும்பகுதி நம் சோழமண்டலக் கரையில் சாயம் ஏற்றி, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் போனது. இதை 'ஃப்ரிஸிய (ஃப்ரீஸ்லாந்து) மரபுடை' என்று மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

வடகடல்:
செய்தது ஒருவர், உடுத்தியது இன்னொருவர். ஹின்டலோப்பன் சின்னத் துறைமுகம். ஆண்கள் பால்டிக் பக்கம் கப்பலோட்டப் போனார்கள், ஆம்ஸ்டர்டாமில் துணி வாங்கி வந்தார்கள். துக்கத்துக்கு நீலமும் வெள்ளையும், மகிழ்ச்சிக்குச் சிவப்பு என்ற வழக்கத்தை அந்த ஊர்ப் பெண்கள்தான் உண்டாக்கினார்கள், மசூலிப்பட்டினத்துச் சாயக்காரர்கள் இல்லை.

அவுரி:
அந்தச் சிவப்பு சும்மா வந்ததா? துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்து, படிகாரத்தால் பூ எழுதி, சாயவேர் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்பு பிடிக்கும். நீலத்துக்கு, மற்ற இடத்தையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். துவைத்தாலும் போகாத நிறம். உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பயந்து பிரான்ஸ் 1686இல் இந்தத் துணிக்குத் தடையே போட்டது!

கிளிஞ்சல்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1877இல் லேவார்டனில் நடந்த கண்காட்சிக்காகத்தான் அந்த ஊர் வீட்டைக் காட்டும் ஹின்டலோப்பன் அறையை ஜோடித்தார்கள், ஆளுயரப் பொம்மைகளுக்கு உடை மாட்டி. அடுத்த வருடமே அது பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போனது. 'இதுதான் ஃப்ரிஸியம்' என்ற எண்ணத்தில் பாதி அங்கே பிறந்தது.

வடகடல்:
ஜோடித்ததால் பொய்யாகிவிடுமா, கிளிஞ்சல்? அந்த உடை வழக்கொழிந்துகொண்டிருந்த காலம் அது. அன்று சேர்த்து வைக்காவிட்டால் இன்று நாம் எதைப் பார்த்துச் சண்டை போடுவோம்? 2017இல் அதே மியூசியம் சீட்டித்துணிக்கென்றே தனிக் கண்காட்சியும் வைத்தது.

அவுரி:
நல்ல காரியம். ஆனால் தனிக் கண்காட்சி சில மாதங்களில் முடிந்துவிடும். நிரந்தர அறையில் வென்ட்கே பக்கத்திலேயே ஒரு சாயவேர்க் கட்டும் படிகாரமும் வைக்கட்டும். ஹின்டலோப்பன் பெயர் உள்ள பலகையிலேயே சோழமண்டலக் கரையின் பெயரும் வரட்டும்.

வடகடல்:
பலகையில் எழுதட்டும், ஒத்துக்கொள்கிறேன். வேரும் படிகாரமும் அந்த அறைக்குள் வேண்டாம். அது அந்த ஊர்ப் பெண்கள் வாழ்ந்த வாழ்க்கையைக் காட்டும் இடம். பட்டறையைக் காட்ட இன்னொரு அறை திறக்கட்டும்.